டிவைடர் தாண்டும் சைக்கிள்

மாரிசெல்வியின் சைக்கிளுக்கு மணி கிடையாது. முன்பு இருந்தது. படப்பையில் காய்கறி வாங்க நிறுத்திய இடத்தில் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். வேறு ஒன்று வாங்கி மாட்டு என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். வாய் இருக்கும்போது மணி எதற்கு என்று அவள் விட்டுவிட்டாள். அதுவும் சரிதான். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் எத்தனை ஹாரன் அடித்தாலும் அத்தனையையும் தாண்டிக் கேட்கிற சத்தம் அவளுடையது.

"ஏய் தண்ணி லாரி! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

பொடதி என்றால் பிடரி. இந்தப் பக்கத்து லாரிக்காரன் எவனுக்கும் அது தெரியாது. தெரியாதது நல்லது. தெரிந்தால் அடுத்து வருகிற வார்த்தைகளும் தெரிந்துவிடும்.

மாரிசெல்விக்கு வயது இருபத்தாறு. ஊர் சங்கரன்கோவில் பக்கம். சைக்கிள், பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த நீலச் சைக்கிள். பள்ளிக்கூடம் போகத்தான் கொடுத்தார்கள். அது பள்ளிக்கூடத்தைவிட அதிக நாள் கம்பெனிக்குப் போயிருக்கிறது. மட்கார்டில் ஒட்டியிருந்த அரசு முத்திரை பாதி உரிந்துவிட்டது. சீட்டைச் சுற்றி ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கட்டியிருப்பாள். மழைக்கு அல்ல, சீட்டு கிழிந்திருந்தது.

அவள் வேலை செய்கிற இடத்தில் காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். ஊரிலிருந்து வந்த புதிதில் எல்லாப் பெண்களையும் போல ஹாஸ்டலில்தான் இருந்தாள். கம்பெனி பஸ் ஹாஸ்டல் வாசலில் ஏற்றிக் கம்பெனி வாசலில் இறக்கும், மறுபடி கம்பெனி வாசலில் ஏற்றி ஹாஸ்டல் வாசலில் இறக்கும். நடுவில் ஒரு ஊர் இருப்பதே அவளுக்குக் கண்ணாடி வழியாகத்தான் தெரியும். ஒரு நாள் பரோட்டாக் கடையில் கூட்டம். பார்சல் வாங்கி வருவதற்குள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வார்டன் அம்மா உடனே போனை எடுத்து ஊருக்கு அடித்து, "உங்க பொண்ணு இருட்டுன பிறகும் வெளிய சுத்துறா" என்று சொல்லிவிட்டது. ஊரில் அம்மா சோறு தின்னாமல் அழுதாள். பரோட்டா ஆறிப்போனதுதான் மிச்சம்.

அந்த மாதமே படப்பையில் ஒரு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஒற்றை அறையைப் பிடித்தாள் மாரிசெல்வி. கத்திரி வெயிலில் அது அறை இல்லை, அடுப்பு. ஆனால் அதற்கு ஒரு பூட்டு இருந்தது. பூட்டுக்கு ஒரு சாவி இருந்தது. சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. ஹாஸ்டலை விட்டால் கம்பெனி பஸ் கிடையாது என்றார்கள். சரி என்று ஊரிலிருந்து காய்கறி லாரியில் சைக்கிளை வரவழைத்தாள்.

காலையில் மேற்கே போக வேண்டும், சூரியன் முதுகில் அடிக்கும். சாயங்காலம் கிழக்கே திரும்ப வேண்டும், அப்போதும் முதுகில்தான் அடிக்கும். சித்திரை முடிவதற்குள் முதுகு ஒரு நிறம், முகம் ஒரு நிறம் ஆகிவிட்டது. "முன்னாடி பாத்தா ஊர்ப் பிள்ள, பின்னாடி பாத்தா தோசக்கல்லு" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அடுத்தவர் சொன்னால் அவ்வளவுதான்.

வெயிலைக்கூட மன்னித்துவிடுவாள். அவள் மன்னிக்காதது டிவைடரை.

கம்பெனி கேட், ரோட்டுக்கு அந்தப் பக்கம். முன்பு கேட்டுக்கு நேராக டிவைடரில் ஒரு வழி இருந்ததாம். ரோட்டை அகலப்படுத்தியபோது அடைத்துவிட்டார்கள். இப்போது வண்டிக்காரர்கள் வெகு தூரம் போய்ப் பாலத்துக்கடியில் திரும்பி வரவேண்டும். காருக்கு அது ஒரு பாட்டு கேட்கிற நேரம். சைக்கிளுக்கு அது ஒரு வாழ்க்கை. எதிர்த் திசையில் ஓட்டலாம்தான். ஒரே ஒரு தடவை ஓட்டினாள். எதிரில் ஒரு கன்டெய்னர் லாரி, வீடு நடந்து வருகிற மாதிரி வந்தது. அதன் பிறகு ஓட்டவில்லை.

ஆகையால் சைக்கிள்காரர்கள் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். டிவைடரில் அரளிச் செடிகளுக்கு நடுவே, மிதித்து மிதித்து மண் வழுக்கையான ஓர் இடம். இந்தப் பக்கம் வருகிறவர் சைக்கிளைத் தூக்கி மேலே வைப்பார். அந்தப் பக்கம் யாராவது நின்றால் வாங்கி இறக்குவார்கள். அவர்கள் சைக்கிளை இவர் வாங்கி இறக்குவார். தனி ஆளாகத் தூக்கினால் ஹேண்டில் திரும்பி ரோட்டில் விழும். விழுந்த சைக்கிளை எடுக்க எந்த லாரியும் பொறுக்காது. அதனால் அவசரமாக இருந்தாலும் எதிரில் ஒருவர் வந்தால் நிற்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. பெயர் கேட்பது இல்லை. கை கொடுப்பார்கள், போய்விடுவார்கள்.

மாரிசெல்விக்கு வாய்த்த எதிர்க் கை திருமலை. உள்ளூர் ஆள். டைல்ஸ் குடோனில் இரவு ஷிப்டு லோடுமேன். அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரமும் அவள் வேலைக்கு வருகிற நேரமும் சரியாக டிவைடரில் முட்டும்.

"புடிங்க அண்ணாச்சி."

முதல் நாளே அவர் முறைத்தார். "அண்ணாச்சியா? நான் இன்னா மளிகக் கடையா வெச்சிக்கினு கீறேன்?"

"எங்க ஊருல பெரிய ஆளுவள அப்படித்தான் கூப்புடுவோம்."

"இங்க அப்டி கூப்ட்டா அர கிலோ துவரம்பருப்பு குடுன்னு கேப்பானுங்கோ. தூக்கு தூக்கு, வண்டி வர்து!"

அவ்வளவுதான் பழக்கம். சைக்கிளை மாற்றிக்கொள்ளும் நேரத்தில் ஒரு வசவு, ஒரு சிரிப்பு. அவளுடைய செயின் சத்தம் போட்டால் மறுநாள் அவர் பாக்கெட்டில் எண்ணெய்ப் புட்டி இருக்கும். "சத்தம் காதுல குத்துது, அதுக்குத்தான்" என்பார்.

ஆடி வந்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. காலையில் நெஞ்சில் கை வைத்து, வேலைக்குப் போகாதே என்று தள்ளும். சாயங்காலம் முதுகைப் பிடித்து, வீட்டுக்கு ஓடு என்று தள்ளும். இந்தக் காற்றுக்கு இருக்கிற அறிவு மேனேஜருக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டே மிதிப்பாள். அப்படி ஒரு காலையில், டிவைடர் ஓரம் இறங்கி நின்றவளை ஒரு தண்ணீர் லாரி உரசிக்கொண்டு போனது. கை தப்பியது. டிபன் பை கிழிந்து எலுமிச்சைச் சோறு அரளிச் செடிக்குப் போனது. காற்றையும் எதிர்த்து அவள் போட்ட கூச்சல் வாலாஜாபாத் வரை போயிருக்கும்.

அன்றைக்கு என்று பார்த்து லைன் லீடர் சண்முகப்ரியா வந்து நின்றாள். காஞ்சிபுரத்துப் பெண், டிப்ளமோ, மாரிசெல்வியைவிடச் சின்னவள்.

"மாரிக்கா, உன் கார்டு மட்டும் வரல. நியர் மிஸ் கார்டு. குடுத்துடு, ப்ளீஸ்."

நியர் மிஸ் என்பது அடிபட இருந்து தப்பித்ததை எழுதிப் போடுகிற கார்டு. தலைக்கு மாதம் ஒன்று கட்டாயம். தப்பிக்காதவர்களும் எழுத வேண்டும். அதனால் எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுதுவார்கள்: தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது, வழுக்க இருந்தது. வயர் கட்டுகிற கம்பெனி அது, எந்த மெஷினிலும் எண்ணெய் சொட்டாது. ஆனாலும் மாதாமாதம் கார்டுகளில் எண்ணெய் ஆறாக ஓடும். மேலே இருப்பவர்களும் அதைப் படித்து, 'துடைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

மாரிசெல்வி அன்றைக்கு எண்ணெய் எழுதவில்லை. பேனா கார்டில் குத்திக் கிழிகிற அளவுக்குக் கோபத்தில் நடந்ததை எழுதினாள். கேட்டுக்கு எதிரில் டிவைடரில் வழி இல்லை, சைக்கிளில் வருகிறவர்கள் சைக்கிளைத் தூக்கித் தாண்டுகிறோம், இன்றைக்கு லாரி உரசியது, நாளைக்கு ஆள் போகும், கம்பெனி பேசி வழி திறந்துவிடச் செய்யவேண்டும். பெட்டியில் போட்டாள். யாராவது பெரியவர் படிப்பார், படித்தால் செய்வார் என்று நம்பினாள். எட்டு வருஷம் கம்பெனியில் இருந்தவள் நம்பலாமா? நம்பினாள்.

படித்தார்கள். ஆவணியில் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மாதத்தின் சிறந்த நியர் மிஸ். கைதட்டல். 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதிய எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தார் அஸ்வின் சார். பாதுகாப்பும் ஆட்களும் அவர் பொறுப்பு. சின்ன வயசு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் நாடா.

போட்டோ எடுத்து முடித்ததும் அஸ்வின் சார் மைக்கில் சொன்னார்: "மாரிசெல்வி சொன்ன ஆபத்தைத் தடுக்க உடனே நடவடிக்கை எடுத்திருக்கோம். இன்னையிலேர்ந்து யாரும் வேலைக்கு சைக்கிள்ல வரக் கூடாது."

மறுபடி கைதட்டல். தட்டிப் பழகிய கைகள். கூட்டம் கலைவதற்குள் தடை நோட்டீஸைக் கேட்டுச் சுவரில் டேப் போட்டு ஒட்டியும்விட்டார்கள்.

மாரிசெல்வி பாட்டிலோடு அங்கேயே நின்றாள். டிவைடரில் வழி இல்லை என்று சொன்னால், சைக்கிளே இல்லாமல் செய்துவிட்டார்கள். பல் வலிக்கிறது என்றவனிடம் இனிமேல் சாப்பிடாதே என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு பரிசு வேறு.

வெளியே வந்ததும் உச்சிமாகாளி பிடித்துக்கொண்டான். ஸ்டோரில் வேலை, நாங்குநேரிப் பையன், அவனும் சைக்கிள்தான்.

"யக்கா, நல்லா இருக்கா பாட்டிலு? எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டு அதுல தண்ணி குடிக்கப் போறியளா?"

"ஏலே, நான் வழி தொறக்கச் சொல்லித்தான எழுதுனேன்?"

"ஆருக்கா எழுதச் சொன்னா? ஊரு பூரா எண்ணெய்னு எழுதுது. நீங்க மட்டும் உண்மைய எழுதுதிய. உண்மைய எழுதுத இடமாக்கா அது?"

அவள் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று லைனுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை டிவைடரில் பாட்டிலைத் திருமலையிடம் நீட்டினாள். "இத எங்கனயாவது தூக்கி எறிங்க அண்ணாச்சி. பாத்தாலே பத்திக்கிட்டு வருது."

"புது பாட்டில எவனாவது எறிவானா? லூசு." அவர் அதை சைக்கிள் பின் கேரியரில் சொருகிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் சைக்கிளைத் தாண்ட விடவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கமே, பஞ்சர் கடைக்குப் பின்னால் பழைய டயர்களுக்கு நடுவில் மறைத்து வைத்தாள். பிறகு கையை வீசிக்கொண்டு டிவைடரை ஏறித் தாண்டினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மனுஷி தாண்டலாம், சைக்கிள்தான் தாண்டக் கூடாது. லாரி மோதினால் மனுஷிக்கு வலிக்காது போலிருக்கிறது.

அவளுக்கு இனி எதிர்க் கை தேவையில்லை. ஆனால் திருமலைக்கு வேண்டும். அவர் சைக்கிள் பெரிய சைக்கிள், இரும்பு, ராத்திரி முழுவதும் டைல்ஸ் தூக்கிய தோள். அவள் பாட்டுக்கு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. தினமும் டிவைடரில் நின்று அவர் சைக்கிளை வாங்கி இந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏறித் தாண்டிப் போனாள்.

"நீ இன்னாத்துக்கு நிக்கிற? உன்துதான் இல்லியே," என்றார்.

"நீங்க ஒத்தையில தூக்கி விழுந்து வச்சா, அந்தப் பாவத்தையும் என் கார்டுலதான் எழுதுவானுவ. புடிங்க."

புரட்டாசியில் மாட்டிக்கொண்டாள். கேட் செக்யூரிட்டி செல்போனில் படம் பிடித்து மேலே அனுப்பிவிட்டார். படத்தில் டிவைடர், அரளி, நடுவில் மாரிசெல்வி, கையில் சைக்கிள்.

"அது என் சைக்கிள் இல்ல சார்," என்றாள் அஸ்வின் சாரின் அறையில்.

"போட்டோல உங்க கையிலதானே இருக்கு?"

"சார், அது ஆம்பளச் சைக்கிள். நடுவுல பார் கம்பி வச்சிருக்கு. என்னது லேடீஸ் சைக்கிள்."

"அப்ப நீங்க சைக்கிள்ல வர்றதில்லையா?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கோபம் வந்தால் அவளுக்குப் பொய் வராது. "வாரேன். வராம? பறந்தா வர முடியும்?"

அவர் பேனாவை மூடினார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஹாஸ்டல்ல இடம் இருக்கு, பஸ் இருக்கு. உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றோம். தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததும் ரூமைக் காலி பண்ணிட்டு ஹாஸ்டலுக்கு வந்துடுங்க. இல்லன்னா ஐடி கார்டைக் குடுத்துட்டுப் போயிடுங்க. இதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பாதுகாப்பு. அந்த வார்த்தையைக் கேட்டால் அவளுக்கு இப்போதெல்லாம் பூட்டு மாட்டுகிற சத்தம்தான் கேட்டது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனாள், வந்தாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லவேண்டியிருந்தது. அவர் உடனே அறையை வேறு யாருக்கோ காட்டிவிட்டார். வந்தவர்கள் அவள் அடுப்பைப் பார்த்தார்கள், கொடியில் காய்கிற துணியைப் பார்த்தார்கள், பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். மாரிசெல்வி வாசலில் நின்றபடி பல்லைக் கடித்தாள். ஒரு அறை. நாலு சுவர், ஒரு தகரம். இதைக்கூட விட மாட்டார்களா?

அந்த வாரம்தான் மழை பிடித்தது.

பெய்தது என்றால், தகர ஷீட்டின் மேல் எவனோ ஜல்லி லோடு இறக்குகிற மாதிரி பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப் போகிறார்களாம் என்று எல்லா போனிலும் வந்துகொண்டிருந்தது. மழை நாலு தூறல் போட்டாலே இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளம் ஞாபகம் வந்துவிடும். விடிந்தும் விடியாமல் அவள் போன் அடித்தது.

"மாரிசெல்வி, அஸ்வின் பேசறேன். எங்க இருக்கீங்க?"

"ரூம்லதான் சார். இன்னும் காலி பண்ணலையேன்னு ஏசக் கூப்புட்டியளா?"

"இல்ல, இல்ல. ரோட்டுல தண்ணி நின்னு பஸ்ஸெல்லாம் நடுவுல மாட்டிக்கிச்சு. லைன்ல ஆளே இல்ல. டிஸ்பாட்ச் வண்டி வந்து நிக்குது. நீங்க எப்படியாவது வர முடியுமா?"

"எப்படியாவதுன்னா எப்படி சார்?"



"அதான்… உங்க இதுல."

"எதுல சார்? தகரத்துல மழை அடிக்கி, கேக்கல."

"சைக்கிள்ல."

"என்னது சார்?"

"சைக்கிள்! சைக்கிள்ல வாங்க!" என்று கத்தினார் அஸ்வின் சார்.

காது குளிர்ந்தது. சத்தியமாகக் கேட்டிருந்தது, மூன்று தடவையும்.

தலையில் ஒரு பாலிதீன் பை, உடம்பில் ஒரு பாலிதீன் உறை. மாரிசெல்வி மிதித்தாள். போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தாள். வயர் போகாவிட்டால் எவன் காரோ நிற்கட்டும், எனக்கென்ன என்று. ஆனால் தடை போட்ட வாயாலேயே கூப்பிட்டிருக்கிறார்களே, அந்த முகத்தை நேரில் பார்க்கவேண்டும். அந்தக் கோபம் பெடலை மிதித்தது.

ரோடு ரோடாக இல்லை. தாழ்வான இடத்தில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று, பாதிச் சக்கரம் தண்ணீரில் இருந்தது. நடுவில் கம்பெனி பஸ். அவள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லாரிகளுக்கு இடையில் புகுந்து போனாள். பஸ் ஜன்னல்களில் ஹாஸ்டல் பெண்கள் கையை ஆட்டினார்கள். ஒரு ஜன்னலில் சண்முகப்ரியா. அவளும் அந்த பஸ்ஸில்தான் ஏறியிருந்தாள்.

"மாரிக்கா! கம்பெனிக்கா போற? எப்டிக்கா?"

"ஆபத்தான வண்டியிலதான் ப்ரியா மேடம். நீங்க பாதுகாப்பா உக்காந்திருங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. சண்முகப்ரியாவும் சிரித்துவிட்டாள். லைன் லீடர் சிரிக்கக் கூடாது என்பது அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

டிவைடருக்கு வந்தபோது பின்னால் ஒரு சத்தம். உச்சிமாகாளி, சட்டையில்லாமல், சட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு. அவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். எதிர்ப் பக்கம் திருமலை இல்லை. குடோனில் மாற்று ஆள் வந்திருக்க மாட்டான், உள்ளேயே மாட்டிக்கொண்டிருப்பார். கேட்டில் குடையோடு அஸ்வின் சார் நின்றுகொண்டிருந்தார்.

"சைக்கிளை அங்கயே விட்டுட்டு வாங்க!" என்று கத்தினார்.

"இங்கன விட்டா தண்ணியில போயிரும் சார்! வந்து புடிங்க!"

"நானா?"

"பின்ன நானா? நான் இங்கன தூக்குதேன், நீங்க அங்கன வாங்குங்க! அதான் எங்க முறை!"

அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். டிஸ்பாட்ச் வண்டி கேட்டுக்குள் ஹாரன் அடித்தது. பேன்ட்டை மடித்துவிட்டு, ஷூவோடு ஓடையில் இறங்குகிறவர் மாதிரி ரோட்டில் இறங்கி வந்தார். மாரிசெல்வி மூச்சை இழுத்து நீலச் சைக்கிளைத் தூக்கி வைத்தாள். அவர் முன்சக்கரத்தைப் பிடித்தார். ஹேண்டில் திரும்பியது. குடை காற்றோடு ஒரகடம் பக்கம் போனது. கழுத்து நாடா பெல் இல்லாத ஹேண்டிலில் மாட்டிக்கொண்டது. அரளிக் கிளை முகத்தில் அறைந்தது. செயின் மசி வெள்ளைச் சட்டையில் குறுக்காக ஒரு கோடு போட்டது.

"மெதுவா சார்! பின்சக்கரத்த விட்றாதிய!"

"புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன்!"

"சார், கொஞ்சம் இங்கன பாருங்க," என்றான் உச்சிமாகாளி. பாலிதீன் பைக்குள் போனை வைத்துப் பிடித்திருந்தான். அஸ்வின் சார் பார்த்தார். அவ்வளவு அழகான படம் அவருக்குக் கல்யாணத்தில்கூட எடுக்க மாட்டார்கள்.

பிறகு உச்சிமாகாளியின் சைக்கிளையும் அவரே வாங்கி இறக்கினார். வேறு யார் இருந்தார்கள்?

செக்யூரிட்டி கேட்டில் மறித்தார். "சார், சைக்கிள் உள்ள உடக்கூடாதுன்னு…"

"விடுங்க," என்றார் அஸ்வின் சார், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்கு ஆறு பேர் ஒரு லைனை ஓட்டினார்கள். ஆறு பேரும் சைக்கிளில் வந்தவர்கள். வண்டி கிளம்பியது. யாரும் கைதட்டவில்லை, பாட்டிலும் தரவில்லை. சாயங்காலம் மாரிசெல்வி ஒரு நியர் மிஸ் கார்டை எடுத்து நிறுத்தி நிதானமாக எழுதினாள். எழுதியதைப் பெட்டியில் போடாமல் நேராக அஸ்வின் சார் அறைக்குப் போனாள்.

"என்ன மாரிசெல்வி? தேங்க்ஸ். இன்னைக்கு நீங்க வரலேன்னா…"

"தேங்க்ஸ் இருக்கட்டும் சார். இந்த மாசக் கார்டு நான் இன்னும் போடல. ஒரு சந்தேகம்."

அவர் கார்டை வாங்கிப் படித்தார். ஆபத்தான செயல்: டிவைடர் மேல் சைக்கிள் தூக்குதல். செய்தவர்: பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட்: இல்லை. ஆதாரம்: போட்டோ உண்டு.

"மிரட்டறீங்களா?"

"இல்ல சார். இதப் போடவா, இல்ல தரையில எண்ணெய்னு எழுதவான்னு கேக்கதான் வந்தேன். தடை நோட்டீசு அங்கனயே தொங்குச்சுன்னா இதப் போடணும். அது விதி. செஞ்சது ஆராயிருந்தாலும் எழுதணும்னு நீங்கதான மைக்குல சொன்னிய? நோட்டீசு இல்லன்னா எண்ணெய் போதும்."

"எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க," என்றார் அவர் மெதுவாக.

அவர் உள்ளங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மட்கார்டு தகரம் கிழித்திருக்கும். அது கிழிக்கும் இடம் அவளுக்குத் தெரியும். அவள் கையிலும் அதே இடத்தில் தழும்பு இருந்தது. ஒரு கணம் பாவமாக இருந்தது. அப்படி இருந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. இவனுக்கு ஒரு தடவை கிழித்ததற்குப் பாவமா? எங்களுக்கு?

"டிடி ஊசி போட்டுக்கோங்க சார், துருப்புடிச்ச தகரம்," என்றாள். அப்புறம் குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, "ரூமை நான் காலி பண்ணல. ஹாஸ்டலுக்கும் வரல," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை கேட்டுச் சுவரில் நோட்டீஸ் இல்லை. டேப் ஒட்டியிருந்த தடம் மட்டும் நாலு மூலையில் இருந்தது. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. குப்பை டிரம்களுக்குப் பின்னால் ஒரு மூலையில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, சைக்கிள்களை அங்கே விடுங்கள் என்று செக்யூரிட்டி வாயால் சொன்னார். உச்சிமாகாளி அந்த மாதக் கார்டில் எண்ணெய் என்றே எழுதினான். மாரிசெல்வியும் அப்படியே எழுதினாள். அறையைப் பார்க்க வந்தவர்களை வீட்டுக்காரர் திருப்பி அனுப்பவேண்டியிருந்தது. அதற்கு அவர் முணுமுணுத்தார். அவள் பதிலுக்கு முணுமுணுக்கவில்லை, சத்தமாகவே சொன்னாள்.

டிவைடரைத் திறந்தார்களா? எங்கே திறந்தார்கள்? வழுக்கையாக இருந்த மண்ணில் புதுசாக நாலு அரளிக் கன்று நட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மார்கழியில் பனி இறங்கியது. ரோடும் லாரியும் அரளியும் எல்லாம் ஒரே வெள்ளை. டிவைடருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. மாரிசெல்வி சைக்கிளைத் தூக்கி, கன்றுகள் மிதிபடாமல் ஓரமாக வைத்துப் பிடித்துக்கொண்டு, மணிக்குப் பதிலாகத் தொண்டையைத் திறந்தாள்.

"அண்ணாச்சீ! இருக்கியளா, இல்ல பனியில கரைஞ்சு போயிட்டியளா?"

"கத்தாத, கீறேன்." வெள்ளைக்குள் முதலில் தெரிந்தது கேரியரில் சொருகிய எவர்சில்வர் பாட்டில். பிறகு மப்ளர். பிறகு இரண்டு கை. "குடு. இன்னா, வழி தொறக்கவே இல்லியா இவனுங்கோ?"

"இல்ல."

"எண்ணெய்னு எழுதிட்டு வுட்டுட்டியா?"

"அது போன மாசம்." அவருடைய சைக்கிளை அவள் இரண்டு கையாலும் வாங்கி இறக்கினாள். இரும்பு ஐஸ் மாதிரி குளிர்ந்தது. "இந்த மாசம் மறுபடி டிவைடருதான் எழுதப் போறேன். வழி தொறக்குத வரைக்கும் மாசாமாசம் அதேதான்."

"மறுபடி தடை போடுவான்மா."

"போடட்டும் பாப்போம். போட்டோ இருக்குல்லா."

பனிக்குள்ளிருந்து ஒரு லாரி விளக்கைப் போடாமல் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.